பெயர் தமிழில், எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்திலா?

உணவுப் பொட்டலங்களின் மேல் எதை, எந்த மொழியில் அச்சிட வேண்டும் என்று விதி வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு செல்லும் சாலையில், ஓர் அரசுப் பள்ளிக்கு எதிரே, பத்தொன்பது ஆண்டுகளாகப் பெட்டிக்கடை நடத்தி வருகிறேன். கடந்த ஆனி மாதம் என் கடையில் நடந்த ஒன்றும், அதைத் தொடர்ந்து நான் தெரிந்துகொண்ட ஒரு விதியும் என்னை இந்த மடலை எழுத வைத்திருக்கின்றன. சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பண்டங்கள் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று முடிவு செய்தவர்கள் நீங்கள். அந்த முடிவைத் தாய்மாருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்டால் போதும் என்று விட்டவர்களும் நீங்கள்தாம். இந்த இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பக்கம் மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும். அதைக் கழுவவும் தரம் பிரிக்கவும் தோல் சீவவும் சுற்று வட்டாரப் பெண்கள் ஆலை வண்டியில் ஏறிப் போவார்கள். அப்படிப் போகும் ஒரு பெண் காலையில் என் கடை முன்னால்தான் வண்டிக்குக் காத்திருப்பார். மாங்காய்ப் பால் பட்டுக் கருத்துப்போன தழும்புகள் அவருடைய இரண்டு முன்கைகளிலும் இருக்கும். மூன்று வயது மகளைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியேறும் முன், குழந்தை அழாமல் இருக்க ஒரு மாம்பழப் பான பாட்டில் வாங்கிக் கையில் கொடுப்பார். விலை பத்து ரூபாய். சித்திரையில் தொடங்கிய அந்த வழக்கம் ஆனி வரை ஒரு நாளும் தவறவில்லை. பகல் முழுவதும் மாம்பழத்தோடு வேலை செய்கிற தாய், தன் குழந்தைக்கு மாம்பழச் சுவையைப் பாட்டிலில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் காசை நீட்டியபடியே அவர் கேட்டார்: "அண்ணா, சர்க்கரை சேர்க்கலைன்னு போட்டிருக்கே, அப்ப பாப்பாவுக்குப் பல்லு கெடாதுல்ல?"

கெடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்ன தோன்றியதோ, பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் பழுத்த மாம்பழத்தின் படம். அதற்குக் கீழே பானத்தின் பெயர் கொட்டை எழுத்துத் தமிழில். பச்சைப் பட்டையில், அதுவும் தமிழில், 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை.' பின்பக்கத்தில், லேபிள் ஒட்டி முடியும் ஓரத்தில், பார்கோடுக்கும் கீழே, கடுகு அளவு ஆங்கில எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. நான் படித்தது தமிழ் இலக்கியம். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சுக்ரலோஸ், அசிசல்பேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பூட்டிகள் இதில் உள்ளன என்றது ஒரு வரி. குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றது அடுத்த வரி. நான் புரிந்துகொண்டது சரிதானா என்று எதிரே பள்ளிக்கு வந்துகொண்டிருந்த ஆசிரியை ஒருவரிடம் காட்டிக் கேட்டேன். சரிதான் என்றார்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாட்டிலை வாங்கி, தனக்குப் படிக்க வராத அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க படிச்சவருதானே அண்ணா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கேட்டார். வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ பெட்டிகளை உடைத்து அடுக்கியிருக்கிறேன். விலையும் காலாவதித் தேதியும் தவிர வேறு எதையும் நான் படித்ததில்லை. என் பங்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் உங்களிடம் வருகிறேன்.

அன்று மதியம் கடையில் தொங்கிய சரங்களையும் டப்பாக்களையும் இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழு சரக்குகளில் இனிப்பூட்டி இருந்தது. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் வாங்கும் இனிப்புப் பாக்கில் சாக்கரின். மெல்லும் மிட்டாய் ஒன்றில் அஸ்பார்டேம். வேறு இரண்டில் பெயர்கூட எளிதில் கண்ணில் படவில்லை. 950 என்றும் 955 என்றும் எண்கள்தான் முதலில் தெரிந்தன. 950 என்றால் அசிசல்பேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ் என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். இந்த எண்களை ஒரு மருந்தாளுநர் படிப்பார்; ஒரு பாட்டி எப்படிப் படிப்பார்? ஏழிலும் குழந்தைகளுக்கான எச்சரிக்கை எந்த மொழியில் இருந்தது என்று பார்த்தேன். ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. ஏழில் ஐந்தின் பெயர் தமிழில் இருந்தது.

பானத்தின் பாட்டிலில் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் பணிவாகவே பேசினார். எல்லாம் விதிப்படி ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது, தமிழில் அச்சிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் கீழ் 2011-இல் வந்த லேபிள் விதிகளும் சரி, பிறகு 2020-இல் புதிதாக வெளியான விதிகளும் சரி, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருக்க வேண்டும் என்கின்றன. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடை இல்லை, அவ்வளவுதான். தடை இல்லை என்பதை நம்பி ஒரு நிறுவனம் தன் பண்டத்தைப் பற்றிய எச்சரிக்கையைத் தானாக முன்வந்து தமிழில் அச்சிடுமா? பெயரைத் தமிழில் போட்டால் விற்கும். எச்சரிக்கையைத் தமிழில் போட்டால் விற்பனை குறையும். கட்டாயம் இல்லாத இடத்தில் வியாபாரி எதைச் செய்வான் என்பதை வியாபாரியான நானே சொல்கிறேன்.

இனிப்பூட்டி விஷம் என்று ஊரைப் பயமுறுத்த நான் வரவில்லை. அந்தக் குழந்தை குடித்த பானத்தைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் கேட்டபோது, அந்த அளவால் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடாது, ஆனால் பழக்கமாக்க வேண்டாம் என்றார். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு இத்தனை மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்று வரையறுத்திருக்கிறது: சாக்கரினுக்கு 5, சுக்ரலோஸுக்கு 15, அஸ்பார்டேமுக்கு 40. அஸ்பார்டேம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் 2023 ஜூலையில் சேர்க்கப்பட்டபோதும், அதே மாதத்தில் அந்தக் குழு 40 என்ற அளவை மாற்றவில்லை. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கு உடல் எடையை வைத்துப் போடும் கணக்கு. 60 கிலோ எடையுள்ள எனக்குச் சாக்கரின் 300 மில்லிகிராம் வரை ஆகும் என்றால், 13 கிலோ குழந்தைக்கு 65 தான். சாக்கரின் சர்க்கரையைவிட ஏறக்குறைய முந்நூறு மடங்கு இனிப்பு; அதனால் 20 கிராம் சர்க்கரையின் இனிப்பைக் கொண்டுவர ஏறக்குறைய அந்த 65 மில்லிகிராமே போதும். அச்சிட்ட லேபிளோடு வரும் பண்டங்களுக்காவது நீங்கள் உச்ச அளவு விதித்திருக்கிறீர்கள். சைக்கிளில் வரும் குச்சி ஐஸுக்கும், பாலித்தீன் குழாயில் கட்டி விற்கும் வண்ணத் தண்ணீருக்கும் லேபிளே கிடையாது. அவற்றில் எவ்வளவு போட்டார்கள் என்று போட்டவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். சர்க்கரை மூட்டையின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு சிட்டிகைச் சாக்கரினின் விலை ஒன்றுமே இல்லை என்பதால் அது அங்கே போய்ச் சேர்கிறது.

எடை குறைக்கவோ கட்டுக்குள் வைக்கவோ இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நீண்ட காலத்தில் உடற்கொழுப்பு குறைவதற்கு இவை உதவுவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. அந்த விலக்கின் அருமை எனக்கு வீட்டிலேயே தெரியும்.

என் அம்மாவுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காபிக்கு ஒரு சின்ன மாத்திரை போட்டுக் குடிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன நாளில் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு நினைவிருக்கிறது. இனிப்பை இழந்தவர்களுக்கு அது ஒரு துணை. அந்தத் துணையைக்கூட எங்கள் மொழியில் விளக்கித் தர ஆள் இல்லை. ஓர் ஆடிப்பெருக்கன்று, மற்றவர்களைப் போலத் தானும் பாயசம் குடிக்கலாம் என்று அம்மா பாசிப்பருப்பை வேகவைத்து, அதில் இருபது மாத்திரைகளைப் போட்டுக் கொதிக்க விட்டார். இனிக்கவில்லை. இன்னும் இருபது போட்டார். அப்போதும் இனிக்கவில்லை. கரண்டியில் எடுத்து ஊதி ஊதி நாக்கில் வைத்துப் பார்த்தவர், கடைசியில் "என் நாக்கே செத்துப்போச்சு போல" என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட்டார். அவருடைய நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மாத்திரை அஸ்பார்டேம். நெடுநேரம் கொதித்தால் அது சிதைந்து இனிப்பை இழந்துவிடும். சமையலுக்குச் சூடு தாங்கும் சுக்ரலோஸ் வாங்கியிருக்க வேண்டும். டப்பாவின் பின்புறம் முழுக்க எழுத்துகள்தான்; அம்மா தமிழில் நன்றாகப் படிப்பார், நாளிதழை வரி விடாமல் படிப்பார். அந்த டப்பாவில் அவர் படிக்க ஒரு வரி இல்லை. சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று நம்பி ஒரே நாளில் ஒரு பாக்கெட்டைத் தின்று, மைதாவால் சர்க்கரை அளவு ஏறி அவர் தலைசுற்றிப் படுத்ததும் இதே கதைதான்.

அஸ்பார்டேம் உள்ள பண்டங்களில் இன்னொரு கட்டாய எச்சரிக்கை உண்டு: பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. அஸ்பார்டேம் செரிக்கும்போது பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் வெளிப்படும். அதைச் சிதைக்கும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது இரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அரிய குறைபாடுதான். ஆனால் பிறந்தவுடன் குதிகாலில் துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவதில்லை. குறைபாடு இருப்பதே தெரியாத ஒரு வீட்டில், புரியாத மொழியில் இருக்கும் அந்த எச்சரிக்கை யாரைக் காக்கும்?

சுக்ரலோஸ் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றை ஒரு பத்திரிகையில் படித்தேன். 1976-இல் லண்டன் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில், ஒரு தூளைச் சோதித்துப் பார் என்று பேராசிரியர் சொன்ன 'டெஸ்ட்' என்ற சொல்லை, இந்திய ஆராய்ச்சியாளர் சசிகாந்த் பட்னிஸ் 'டேஸ்ட்' என்று கேட்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டாராம். படித்த வேதியியலாளருக்கே ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் ஒலி இப்படி மாறிக் கேட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் கடுகு எழுத்து ஆங்கிலத்தை நீட்டிவிட்டு, எச்சரித்தாகிவிட்டது என்று நீங்கள் சொல்லக் கூடாது.

இத்தனை மொழிகள் உள்ள நாட்டில் எல்லா மொழியிலும் எப்படி அச்சிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான விடை எங்கள் மாந்தோப்பில் இருக்கிறது. பூ எடுக்கும் காலத்தில் நாங்கள் தெளிக்கும் பூச்சிமருந்து டப்பாவை எடுத்துப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் கடுமைக்கு ஏற்ற முக்கோண அடையாளம் இருக்கும். உள்ளே மடித்து வைத்த துண்டுப் பிரசுரத்தில் தமிழ் இருக்கும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், லேபிளும் துண்டுப் பிரசுரமும் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு, சரக்கு விற்கப்படும் பகுதியில் வழங்கும் வட்டார மொழிகள் ஒன்றிரண்டிலும் இருக்க வேண்டும் என்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியப்பாகூடச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் டப்பாவைத் திறப்பார். புகையிலைக்கும் அப்படியே. 2003-இல் வந்த சட்டம், பொட்டலத்தில் எந்த இந்திய மொழி இருக்கிறதோ அந்த மொழியிலேயே எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கு எதிரே இருப்பதால் நான் புகையிலை விற்பதில்லை; என் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டில்தான் அந்தத் தமிழ் எச்சரிக்கையைப் படித்திருக்கிறேன். செடிக்குத் தெளிக்கும் மருந்துக்கும் பீடிக்கும் முடிந்தது, மூன்று வயதுப் பிள்ளை கையில் பிடித்துக் குடிக்கும் பாட்டிலுக்கு முடியாதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வலி புதிதல்ல. எங்கள் கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் வந்த தண்ணீரில் புளோரைடு இருந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற அளவு தாளில் இருந்தது. குடித்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பல்லில் காவிக் கறையோடும், வளைந்த முழங்காலோடும் ஒரு தலைமுறை வளர்ந்த பிறகுதான் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. என் முன்பற்களிலும் அந்தக் கறை உண்டு. படம் எடுக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பெண் முதலில் பல்லைப் பற்றிக் கேட்டாரே, அது ஏன் என்று உங்களுக்கு இப்போது புரியும். எங்கள் ஊரில் தாய்மார் பிள்ளையின் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். புளோரைடையும் சுக்ரலோஸையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் சொல்கிறேன்.

எனவே உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். லேபிள் விதியில் மொழி பற்றிய பிரிவைத் திருத்துங்கள். ஒரு பொட்டலத்தில் பெயரோ விளம்பர வாசகமோ எந்த இந்திய மொழியில் இருக்கிறதோ, இனிப்பூட்டி பற்றிய அறிவிப்பும் குழந்தைகளுக்கான எச்சரிக்கையும் பீனைல்கீட்டோனூரியா எச்சரிக்கையும் அந்த மொழியில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆக்குங்கள். தமிழே இல்லாமல் தமிழ்நாட்டுக்கு வரும் பொட்டலங்களில், பூச்சிமருந்துக்குச் செய்ததைப் போல, விற்கும் பகுதியின் மொழி சேர்க்கப்பட வேண்டும்.

அந்த எச்சரிக்கை முன்பக்கத்தில், 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்துக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் இருந்தால் முன்னால் இருப்பதை மட்டுமே மக்கள் படிப்பார்கள். எண்களை மட்டும் போட்டு இனிப்பூட்டியின் பெயரைச் சொல்லாமல் விடுவதை எந்தப் பண்டத்திலும் அனுமதிக்காதீர்கள்.

சைவத்துக்குப் பச்சை வட்டம் போட்டுப் படிக்காதவர்களுக்கும் புரிய வைத்தீர்களே, அதுபோல இனிப்பூட்டி உள்ள எல்லாப் பொட்டலங்களுக்கும் ஒரு வண்ண அடையாளம் வகுத்துத் தாருங்கள். சிறிய பொட்டலம், இடம் இல்லை என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும். காபிக்குப் போடும் இனிப்பு மாத்திரை டப்பாக்களில், கொதிக்க வைக்கலாமா கூடாதா என்பதைத் தமிழில் ஒரு வரியாவது எழுதச் செய்யுங்கள். லேபிள் இல்லாத ஐஸையும் வண்ணத் தண்ணீரையும் பள்ளி வாசல்களில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை அந்தந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள்.

என் கடையில் அட்டை ஒன்றில் தமிழில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: 'இந்தக் கொக்கியில் உள்ள பண்டங்களில் செயற்கை இனிப்பு உள்ளது. குழந்தைகளுக்கு வேண்டாம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது.' சரக்கு இறக்கும் தம்பி அதைக் கழற்றச் சொன்னான், நான் கழற்றவில்லை. விற்பனை குறைந்திருக்கிறது. அந்தப் பெண் இப்போது காலையில் பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். விதியை எப்போது திருத்துவீர்கள் என்பதற்குத் தேதியோடு எழுத்தில் பதில் வேண்டுகிறேன். அது வந்து, லேபிளிலும் தமிழ் வரும் வரை அட்டை அங்கேயே தொங்கும்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் – பாலக்கோடு சாலையில் பெட்டிக்கடை நடத்தும் ஒருவன்